நகரத்திலேயே இருக்கப் போகிறவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரிடர் வந்தால் என்ன செய்வது என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். பையைத் தயாராக வையுங்கள், வண்டியில் எரிபொருளை நிரப்பி வையுங்கள், நிலைமை முற்றுவதற்குள் நகரத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். கிளம்ப முடிந்தவர்களுக்கு நல்ல யோசனை. ஆனால் நகரத்தில் பெரும்பாலோர் கிளம்பப் போவதில்லை. வண்டி இல்லாதவர்கள், போய் இறங்க வேறு வீடு இல்லாதவர்கள், படுத்த படுக்கையாகப் பெற்றோரை வைத்திருப்பவர்கள், மருத்துவமனையிலும் மின்நிலையத்திலும் வேலையில் இருந்தே ஆக வேண்டியவர்கள் எல்லாரும் இருக்கிற இடத்திலேயேதான் இருப்பார்கள். அவர்களுக்காக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் அடுக்குமாடிக் கட்டடங்களில் தண்ணீர் மோட்டாரும் ஜெனரேட்டரும் பழுது பார்த்துப் பிழைத்தவன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். எட்டாவது மாடியில் குடியிருக்கிறோம். என் மனைவியால் சக்கர நாற்காலி இல்லாமல் நடமாட முடியாது. லிஃப்ட் நின்றுவிட்டால் அவரைக் கீழே இறக்க நாலு ஆள் வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் கிளம்புவது பற்றிய பேச்சே கிடையாது. இருந்து சமாளிப்பது எப்படி என்றுதான் இருவரும் உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறோம்.

எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2005 செப்டம்பரில் ரீட்டா புயல் வருகிறது என்றதும் அமெரிக்காவின் ஹூஸ்டன் பகுதியிலிருந்து இருபத்தைந்து லட்சம் பேர் அளவுக்குச் சாலையில் இறங்கினார்கள். கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்காக வண்டிகள் நகரவில்லை. வழியிலேயே எரிபொருள் தீர்ந்தது. முதியோர் இல்லத்துக்காரர்களை ஏற்றிப்போன பேருந்து ஒன்று தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். அந்தப் புயலில் காற்றாலும் வெள்ளத்தாலும் இறந்தவர்களைவிட, ஊரைக் காலி செய்யும்போது இறந்தவர்களே அதிகம். போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருக்கலாமா, போகலாமா என்று முடிவெடுக்கும் நிலையில் இருக்க வேண்டுமானால், இருப்பதற்கான ஏற்பாடு முதலில் கையில் இருக்க வேண்டும். அது இல்லாதவர் பயத்தில் ஓடுவார்.

நகரத்தில் எந்த நெருக்கடி வந்தாலும், வெள்ளமோ நிலநடுக்கமோ போரோ, மாடி வீட்டுக்காரரிடம் அது முதலில் தண்ணீர்ப் பஞ்சமாகத்தான் வந்து சேரும். மின்சாரம் போனால் விளக்கு போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். தண்ணீரும் கூடவே போய்விடும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. தண்ணீரைப் பத்து மீட்டர் மேலே ஏற்ற ஒரு ‘பார்’ (அழுத்தத்தை அளக்கிற அலகு) அழுத்தம் வேண்டும். தெருக்குழாயில் வருகிற அழுத்தம் சில மாடிகளோடு ஓய்ந்துவிடும். அதற்கு மேலே போகிற ஒவ்வொரு வாளியும் மோட்டார் தள்ளித்தான் போகிறது. மோட்டார் நின்ற நிமிடத்திலிருந்து, மொட்டை மாடித் தொட்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் கட்டடத்தின் மொத்தச் சொத்து.

அந்தச் சொத்து எப்படிக் கரைகிறது என்று வேலை பார்த்த பல கட்டடங்களில் நேரில் பார்த்திருக்கிறேன். மின்சாரம் வர நாளாகும் என்ற செய்தி பரவியதும் ஒவ்வொரு வீட்டிலும் எல்லாக் குழாய்களையும் திறந்து, இருக்கிற பாத்திரத்திலெல்லாம் பிடிப்பார்கள். அதில் தவறில்லை, பயம்தான். ஆனால் தொட்டியிலிருந்து இறங்குகிற குழாயில் கீழ்மாடிகளுக்கு அழுத்தம் அதிகம், தொட்டியை ஒட்டியிருக்கிற மேல்மாடிகளுக்குக் குறைவு. கீழே எல்லாரும் சேர்ந்து திறந்தால் மேலே காற்றுதான் வரும். முழுத் தொட்டி ஒன்றிரண்டு மணி நேரத்தில் காலியாகிவிடும். அதில் பாதி, குளிக்கவும் துணி துவைக்கவும் பிடித்து வைத்த தண்ணீராக இருக்கும். தொட்டியின் அடியில் ஒரு கேட் வால்வு இருக்கிறது. அதை ஒருவர் ஏறிப்போய் மூடிவிட்டு, காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று திறந்துவிட்டால் அதே தண்ணீர் பல நாள் வரும். நான் போன கட்டடங்களில் அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று காவலாளிக்கும் பிளம்பருக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. வருடக்கணக்காகத் திருகாமல் துருப்பிடித்து, கை வைத்தால் திரும்பாத வால்வுகளே அதிகம். எண்ணெய் விட்டு, மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து இளக்க வேண்டும். முரட்டுத்தனமாகத் திருகினால் தண்டு முறிந்து மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. எங்கள் கட்டடத்தில் அந்த வால்வுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்று அம்புக்குறி போட்டிருக்கிறேன். மொட்டை மாடிச் சாவி ஒன்று மூன்றாம் மாடியிலும் ஒன்று எங்களிடமும் இருக்கிறது. இதற்கு ஆன செலவு ஒரு சிறிய டப்பா பெயின்ட்தான்.

வீட்டுக்குள் எவ்வளவு சேமிப்பது? குடிக்கவும், வாய் கொப்பளிக்கவும், கொஞ்சம் சமைக்கவும் ஓர் ஆளுக்கு நாளுக்கு நாலு லிட்டர் என்பது பல நாடுகள் சொல்கிற கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், இரண்டு வாரத்துக்கு 224 லிட்டர். கேட்க மலைப்பாக இருக்கும். கட்டிலுக்கு அடியில் பத்து லிட்டர் கேன்களாக அடுக்கினால் மூன்று நாள் கணக்கு எந்தச் சின்ன வீட்டிலும் அடங்கும். அதிலிருந்து தொடங்குங்கள். பெரிய கேன் வாங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். ஒரு லிட்டர் ஒரு கிலோ. இருபது லிட்டர் கேனைப் படியில் தூக்கிப்போய், நாலாவது மாடி திருப்பத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேப் டவுன் நகரம் 2018-இல் இந்தக் கணக்கை ஊர் முழுவதற்கும் போட்டுப் பார்த்தது. வறட்சியில் அணைகள் வற்றி, பிப்ரவரி முதல் ஓர் ஆளுக்கு நாளுக்கு ஐம்பது லிட்டர்தான் என்று கட்டுப்படுத்தினார்கள். குழாயை அடைக்கும் நாள் வந்தால் சுமார் 200 இடங்களில் வரிசையில் நின்று ஆளுக்கு 25 லிட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தார்கள். மக்கள் தண்ணீரைச் சுருக்கியதாலும் பிறகு மழை பெய்ததாலும் அந்த நாள் வரவில்லை. வந்திருந்தால் நாலு பேர் குடும்பம் தினமும் நூறு கிலோ சுமக்க வேண்டியிருந்திருக்கும். வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் அதை யார் சுமப்பது? லாரி வந்து தெருவில் நின்றுவிட்டால் தண்ணீர் வீட்டுக்கு வந்துவிட்டதாக அர்த்தமில்லை. படிக்கட்டு நடுவில் இருக்கிறது.

வீட்டிலேயே இன்னொரு தண்ணீர் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெந்நீர் போடும் கீசரில் இருப்பது நல்ல தண்ணீர். முதலில் சுவிட்சை அணைத்து, உள்ளே வருகிற வால்வை மூடி, ஆறிய பிறகு அடிக்குழாய் வழியாக வடித்துக்கொள்ளலாம். வால்வை மூடுவது முக்கியம். இல்லையென்றால் வெளியே குழாய் உடைந்து சாக்கடை கலந்த தண்ணீர் எப்போதாவது வரும்போது உள்ளே இருக்கும் நல்லதும் கெட்டுவிடும். சந்தேகமான தண்ணீரை முதலில் துணியில் வடிகட்டுங்கள். அப்புறம் நன்றாகக் கொதி வந்த பின் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். மலைப்பகுதி நகரமாக இருந்தால் மூன்று நிமிடம். அடுப்பெரிக்க வழியில்லை என்றால், வாசனையோ சோப்போ சேர்க்காத சாதாரண பிளீச், ஆறு சதவீத வலு உள்ளது, லிட்டருக்கு இரண்டு சொட்டு. கலங்கலாக இருந்தால் நாலு சொட்டு. கலக்கி அரை மணி நேரம் மூடி வைத்தால், லேசான குளோரின் வாடை இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே அளவை இன்னொரு முறை விட்டுக் கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். இது கிருமியைக் கொல்லும். பெட்ரோலோ ஆலைக் கழிவோ கலந்த தண்ணீரை இதனாலும் கொதிப்பதாலும் சரிசெய்ய முடியாது.

அடுத்து, யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம், கழிப்பறை. கூச்சப்படாமல் எழுதுகிறேன், நீங்களும் வெட்டாமல் அச்சிட வேண்டும். நிலநடுக்கத்திலோ வெள்ளத்திலோ தெருவில் சாக்கடைக் குழாய் அடைபட்டிருக்கும்போது, ஏழாம் மாடியில் ஒருவர் ஒரு வாளி தண்ணீர் ஊற்றித் தள்ளினால் அவருக்கு எல்லாம் சரியாகப் போய்விட்டது போலத் தோன்றும். அது தரைத்தளத்து வீட்டின் குளியலறையில் பொங்கி வந்துகொண்டிருக்கும். அங்கே தவழ்கிற குழந்தை இருக்கலாம். அந்த வீட்டைக் கழுவத் தண்ணீரும் இருக்காது. ஆகவே கீழே பொங்குகிறது என்ற செய்தி வந்தால் மேலே யாரும் ஊற்றக் கூடாது. இதைக் கட்டடம் முழுக்க முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

2011-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் நிலநடுக்கம் சாக்கடைக் குழாய்களை நொறுக்கியபோது பல வீடுகளில் நெடுநாள் கழிப்பறை வேலை செய்யவில்லை. அதற்குப் பிறகு அந்த நாட்டில் இரண்டு வாளி முறையை மக்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு வாளி சிறுநீருக்கு, இன்னொன்று மலத்துக்கு. இரண்டையும் சேர்க்காததுதான் சூட்சுமம். சேர்ந்தால் நாற்றமும் கனமும் பன்மடங்கு ஆகிவிடும். மல வாளியில் ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு கை மரத்தூளோ கிழித்த காகிதமோ காய்ந்த சருகோ போட்டு மூடிவிட வேண்டும். சிறுநீரைத் தண்ணீர் கலந்து மண்ணில் ஊற்றிவிடலாம். இறுக்கமான மூடி உள்ள இரண்டு வாளி, ஒரு மூட்டை மரத்தூள், கனமான குப்பைப் பைகள், சோப்பு. எங்கள் வீட்டுப் பரணில் இவை இருக்கின்றன. என் மனைவி நாற்காலியிலிருந்து மாறி உட்காரத் தோதாக ஒரு பழைய நாற்காலியின் நடுவில் வெட்டியும் வைத்திருக்கிறேன். பேரிடர்க் காலத்தில் மூடாத மலம் வயிற்றுப்போக்கைப் பரப்பும், குழந்தைகளை வேகமாக வாட்டும். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரை, அரைச் சிறுகரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. ஆகவே அளவை எழுதிச் சமையலறைக் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள்.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் பார்த்த கட்டடம் ஒன்றில் பெரிய ஜெனரேட்டர் இருந்தது, டீசலும் இருந்தது. ஆனால் தண்ணீர் மோட்டாரை அதன் இணைப்பில் சேர்க்கவே இல்லை. வராந்தா விளக்கெல்லாம் பிரகாசமாக எரிந்தது, குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. உங்கள் கட்டடத்தில் எது எது ஜெனரேட்டரில் ஓடும் என்று இன்றைக்கே கேளுங்கள். மாதம் ஒரு முறை சும்மா ஓட்டிப் பார்த்தால் போதாது, மோட்டாரையும் லிஃப்டையும் சேர்த்துச் சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கைவிடுவது எஞ்சின் இல்லை, அதைக் கிளப்புகிற பேட்டரி. எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். 2012-இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் பதின்மூன்றாம் மாடியில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு எரிபொருள் ஏற்றும் பம்ப் அடித்தளத்தில் இருந்தது. அது மூழ்கிவிட்டது. ஊழியர்களும் வீரர்களும் இருட்டுப் படிக்கட்டில் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றிப் பதின்மூன்று மாடிக்கு எரிபொருளைச் சுமந்தார்கள். இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் அந்த மனிதர்களை நினைத்தாலே எனக்குக் கண் கலங்கும். ஆனால் அந்த ஒரு பம்ப் மேலே இருந்திருந்தால் அவர்கள் அப்படிக் கஷ்டப்பட வேண்டியிருந்திருக்காது.

சின்ன ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள்ளும் பால்கனியிலும் தயவுசெய்து வைக்காதீர்கள். அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, மயக்கம், அப்புறம் தூக்கம், எழுந்திருக்கவே மாட்டார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் உறைபனியில் மின்சாரம் போனபோது, குளிருக்காக வீட்டுக்குள் கரி எரித்தும், மூடிய காரேஜில் காரை ஓடவிட்டும் குடும்பமாகப் பாதிக்கப்பட்டார்கள். சன்னலிலிருந்து குறைந்தது ஆறு மீட்டராவது தள்ளி, திறந்த வெளியில்தான் ஜெனரேட்டர் ஓட வேண்டும்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆரோக்கியமான ஆள் சில நாள் அரைவயிற்றோடு இருந்துவிடலாம். வழக்கமாகச் சாப்பிடுவதில், சமைக்காமலே உண்ணக்கூடியதைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் எடுத்துப் புதியதைப் பின்னால் வைத்தால் போதும். மின்சாரம் போன ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃபிரீசர் இரண்டு நாள். மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு எப்போதும் முன்னால் இருக்கட்டும். சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கமும் பேட்டரி ரேடியோவும் வேண்டும். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே நேரத்தில் இருண்டபோது வங்கி அட்டை வேலை செய்யவில்லை, போன் சிக்னல் விட்டுவிட்டுப் போனது, என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள மக்கள் தெருவில் ஒரு ரேடியோவைச் சுற்றி நின்றார்கள். மெழுகுவத்தி வேண்டாம், டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் இல்லாத நகரத்தில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டியும் கைகட்டித்தான் நிற்க வேண்டும். 1995 ஜனவரியில் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானின் கோபே நகரம் அப்படித்தான் எரிந்தது.

அதே கோபேயில்தான், இடிபாடுகளில் சிக்கியவர்களில் மிகப் பெரும்பாலோரை மீட்டவர்கள் படையினரோ தீயணைப்பு வீரர்களோ இல்லை. அக்கம்பக்கத்தவர்களும் வீட்டாரும்தான். யார் எந்த அறையில் படுப்பார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்த தெருக்களில் தோண்ட வேண்டிய இடம் உடனே தெரிந்தது. அதே வருடம் ஜூலையில் சிகாகோவில் வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். கதவைத் தட்டிப் பார்க்க ஓர் ஆள் இருந்திருந்தால் பலரைக் காப்பாற்றியிருக்கலாம்.

ஆயுதம் வாங்கிக் கதவைப் பலப்படுத்தி, பக்கத்து வீட்டுக்காரன் பறிக்க வருவான் என்று பயந்து தயாராகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். போஸ்னியப் போரில் 1992 முதல் 1996 வரை முற்றுகையில் கிடந்த சரயேவோ நகரத்தைப் பாருங்கள். மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மூன்றும் போனது. மலையிலிருந்து குண்டு விழுந்துகொண்டிருந்தது. அங்கிருந்த மது ஆலை ஒன்றின் ஊற்றுதான் நகரத்தின் முக்கிய நீராதாரங்களில் ஒன்று. மக்கள் கேன்களைக் குழந்தை வண்டியிலும் சறுக்கு வண்டியிலும் வைத்து இழுத்துப் போனார்கள். தண்ணீர் வரிசையில் நின்றே பலர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நாலு வருடம் யாரும் தனியாகப் பிழைத்திருக்க முடியாது.

எங்கள் படிக்கட்டில் ஒரு தாள் இருக்கிறது. ஒவ்வொரு மாடியிலும் தானாக இறங்க முடியாதவர் யார், ஃபிரிட்ஜில் இன்சுலின் வைத்திருப்பவர் யார், மூச்சுக் கருவி யாருக்கு, கைக்குழந்தை எங்கே, செவிலியர் வேலை தெரிந்தவர் யார் என்று அதில் எழுதியிருக்கிறோம். சம்மதம் கேட்டுத்தான் எழுதினோம். சிலர் முதலில் தயங்கினார்கள், அது நியாயம்தான். அதனால் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டவில்லை, மாடிக்கு ஒருவரிடம் மடித்துக் கொடுத்திருக்கிறோம். ஆறாம் மாடியில் இருக்கும் கல்லூரி மாணவர்கள் இருவர், லிஃப்ட் நின்றால் எங்களுக்குத் தண்ணீர் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் நான் போய்ப் பார்க்கிறேன். வலுவான போர்வையில் நாலு மூலையையும் முறுக்கிப் பிடித்து என் மனைவியை ஒரு மாடி இறக்கியும் பழகிப் பார்த்தோம். நேரமாகிறது, மூச்சு வாங்குகிறது, திருப்பத்தில் தலைப்பக்கம் பிடிப்பவர் மெதுவாக வர வேண்டும் என்பதெல்லாம் செய்து பார்த்தால்தான் தெரிகிறது. இறக்க வேண்டிய நேரமும் வரலாம். எரிவாயு வாடை, சுவரில் பெரிய விரிசல், கட்டடத்தில் தீ, காலி செய்யச் சொல்லி அதிகாரிகளின் உத்தரவு, இதில் எது வந்தாலும் சேமித்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை. ஸ்வீடன் அரசு 2018-இல் நாற்பத்தெட்டு லட்சம் வீடுகளுக்கு நெருக்கடிக் காலக் கையேட்டை அச்சிட்டு அனுப்பியது. 2024-இல் புதுப்பித்து மறுபடியும் அனுப்பியது. போனில் படிக்கிற அறிவுரை சார்ஜ் தீர்ந்தால் போய்விடும், செய்தித்தாள் போகாது. பிளீச் அளவு, உப்பு சர்க்கரை அளவு, தண்ணீர்க் கணக்கு, இரண்டு வாளி முறை, ஜெனரேட்டர் எச்சரிக்கை இவற்றை மட்டும் ஒரு மருத்துவரிடமும் ஒரு பொறியாளரிடமும் சரிபார்த்து, வெட்டி எடுத்து ஒட்டி வைக்கிற மாதிரி பெரிய எழுத்தில் அரைப்பக்கம் வெளியிடுங்கள். கீழே, மொட்டை மாடி வால்வு இருக்கும் இடத்தையும் சாவி வைத்திருப்பவர் பெயரையும் எழுதிக்கொள்ள இரண்டு கோடு காலியாக விடுங்கள். எங்கள் கட்டடத்துக்கு நாற்பது பிரதி வாங்கி, ஒவ்வொரு வீட்டிலும் நானே கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் மாடியிலிருந்து உங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக்